சத்யஜித் ராயின் சிறுவர் கதைகள்: ஒரு திறனாய்வு

சிறுவர்க்கென எழுதப்பெறும் நூல்களை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெரிதும் இல்லை. அவை பள்ளிப் பிள்ளைகள் படித்துக் கிழித்தெறியும் ஏடுகள் என்றும், பெரியோர்க்கு எழுத இயலாதாரே சிறியோர்க்கு எழுதுவர் என்றும் கருதுவார் இன்றும் உளர். வங்க மொழியில் இந்நிலை வேறு. இரவீந்திரநாத தாகூர் முதலாகப் பெரும்புலவர் பலர் சிறுவர்க்கு எழுதுவதைத் தம் கடன்களுள் ஒன்றாகவே கொண்டனர். அம்மரபில் வந்தவர் சத்யஜித் ராய் (1921–1992). ஆங்கில எழுத்தின் வழியாக இவர் பெயரை நாம் ‘ரே’ என வழங்குகின்றோம்; வங்காளியர் ‘ராய்’ என்றே ஒலிப்பர். உலகம் இவரைத் திரைப்பட இயக்குநராக அறியும். வங்காளத்து இல்லங்களிலோ, இவருடைய படங்களைக் காணாத பிள்ளைகளும் இவருடைய கதைகளைப் படித்து வளர்ந்தனர். அக்கதைகளின் இயல்பையும், அவற்றின் ஏற்றத்தையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கதைகளைப் பற்றிப் பேசுவோர் பலர், அவை திரைப்படக் கலைஞர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஆடிய விளையாட்டு என்று கூறி அமைவர். காலத்தை மட்டும் நோக்கின் அக்கூற்றுப் பொருந்துவது போலத் தோன்றும். ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இல் வெளிவந்தது. அபுவின் கதை கூறும் மூன்று படங்களும் 1959-க்குள் முடிந்தன. வங்காளச் சிறுகதையும் நெடுங்கதையும் 1961 முதலே தோன்றின. ஆயினும் உண்மை இதற்கு மாறானது என்பது எம் கருத்து. சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசு, வினோத பிகாரி முகர்ஜி ஆகிய ஓவியப் பேராசிரியர்களிடம் பயின்று, 1943-இல் கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராய் அமர்ந்த ராய், சிக்னெட் பதிப்பகத்தார் வெளியிட்ட நூல்களுக்கு அட்டையும் உட்படங்களும் வரைந்து வந்தார். அவற்றுள் ஒன்று, விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கிய பதிப்பு. ‘மாங்கொட்டை ஊதல்’ எனப் பொருள்படும் பெயருடையது. அதற்குப் படம் வரைந்தபோதுதான் அக்கதையைத் திரையில் காட்டலாம் என்னும் எண்ணம் இவருள்ளத்தில் வேர்கொண்டது. ஆகவே சிறுவர் நூலொன்றிலிருந்தே இவருடைய திரைப்படக் கலை முளைத்தது எனல் வேண்டும். திரைப்படத்திலிருந்து சிறுவர் இலக்கியம் கிளைத்தது என்பார் வேரையும் கிளையையும் மாற்றிக் கொள்கின்றனர்.

இனி, குடிவழியையும் சிறிது நோக்குதல் தகும். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி (1863–1915) எழுத்தாளர், ஓவியர், ஒளிப்படங்களைப் புள்ளிகளாகப் பகுத்து அச்சிடும் முறையில் ஆராய்ச்சி நிகழ்த்திய அச்சுக்கலை வல்லுநர். 1913-இல் அவர் தொடங்கிய சிறுவர் மாத இதழ் ‘சந்தேஷ்’. செய்தி என்றும், வங்காளத்து இனிப்புப் பண்டம் என்றும் இருபொருள் தரும் பெயர் அது. தந்தையார் சுகுமார் ராய் (1887–1923) அவ்விதழில் எழுதிய பொருளற்ற நகைப்பாட்டுகள் வங்க மொழி உள்ளளவும் வாழ்வன. அவற்றின் தொகுதியான ‘ஆபோல் தாபோல்’ நூலாய் வெளிவரக் காணாமலே, 1923 செப்டம்பரில் சுகுமார் காலமானார். அப்போது சத்யஜித்துக்கு அகவை இரண்டரை. சில ஆண்டுகளில் அச்சுக்கூடமும் கைவிட்டுப் போயிற்று, வீடும் போயிற்று, இதழும் நின்றது. நின்ற இதழை 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயருடன் சேர்ந்து ராய் மீண்டும் தொடங்கினார். இதழ் தொடங்கினால் பக்கங்களை நிரப்ப வேண்டுமன்றோ? அத்தேவையே இவரை எழுத்தாளராக்கிற்று. மாதந்தோறும் குறித்த நாளில் குறித்த பக்கங்களை நிரப்பும் கடப்பாடு கலைக்குப் பகை என்று கூறுவர். இவர்திறத்தில் அது நன்மையே செய்தது. பிற்காலத்தில் சிறிது தீமையும் செய்தது.

ராயின் சிறுவர் எழுத்துகளுள் சிறுகதைகளையே யாம் தலைமையாகக் கொள்கின்றோம். துப்பறியும் ஃபெலுதாவின் புகழ் இச்சிறுகதைகளின் ஒளியைச் சற்று மறைத்துவிட்டது. 1970-இல் ‘ஒரு டசன் கதை’ என்றும், 1976-இல் ‘இன்னும் ஒரு டசன்’ என்றும் இவை பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொகுக்கப்பெற்றன. பின்வந்த தொகுதிகளின் பெயர்களிலும் பன்னிரண்டு என்னும் எண்ணையே வைத்து விளையாடினார். 1988-இல் வந்த தொகுதியின் பெயர் ‘ஒன்றின் முதுகில் இரண்டு’. ஒன்றையும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் பன்னிரண்டாதல் காண்க. தந்தையின் நகைச்சுவை மகனுக்கு இத்தகைய சிறு மூலைகளிலும் வந்து வாய்த்திருக்கின்றது.

இச்சிறுகதைகளைத் தொடர்ந்து படிப்போர்க்கு ஒரு வியப்பு நேரும். சிறுவர்க்கென, சிறுவர் இதழில், சிறுவர் விரும்பும் படங்களோடு வந்த இக்கதைகளுட் பெரும்பாலானவற்றில் தலைமக்கள் சிறுவர் அல்லர்! ‘சதானந்தனின் சிற்றுலகம்’ போன்ற சில நீங்கலாக, எஞ்சியவற்றில் நாம் காண்போர் யாவர்? நாற்பதும் ஐம்பதும் கடந்தோர். மனைவி மக்கள் இன்றித் தனித்து வாழ்வோர் மிகுதி. அலுவலக எழுத்தர், சிற்றூர் ஆசிரியர், வேலை இழந்தோர், வாடகை அறையில் குடியிருப்போர். உலகம் இவர்களைப் பொருட்படுத்துவதில்லை. சில வேளைகளில் எள்ளவும் செய்கின்றது. பத்து அகவைப் பிள்ளை இவர்களோடு ஒன்றி நிற்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காண நம் மெய்ப்பாட்டியல் துணைசெய்யும் என்று யாம் நினைக்கின்றோம். எண்வகை மெய்ப்பாட்டுள் இளிவரல் என்பதொன்று. பிறர்முன் தாம் சிறுமையுற்றதாக உணரும் நிலை அது. அது பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் மூப்பும் உண்டு, மென்மையும் உண்டு. உரையாசிரியர்கள் மென்மை என்பதற்கு எளிமை, வலியின்மை எனப் பொருள் கொள்வர். மூப்பு சிறுவனுக்கு இல்லை. ஆயின் மென்மை உண்டு. தன் சொல் அவையேறாமை, தான் மெய்யாகக் கண்டதைக் கூறினும் பிறர் நகைத்தல், விடை கூறவொண்ணாத இடத்தில் நின்று கேலியை ஏற்றல் ஆகியவற்றைச் சிறுவனைப் போல் நன்கறிந்தவர் யார்? அகவையால் பெரியவரும் நிலையால் சிறியவருமாகிய மாந்தரைப் படைத்ததன்வழி, சிறுவனின் துயரைச் சிறுவன் என்று கூறாமலே ராய் கூறிவிட்டார். சிறுவர்க்கு எழுதும் பலர் தாம் குனிந்து சிறுவனின் உயரத்துக்கு வருவர். இவர் குனியவில்லை. சிறுவனின் நிலையில் வாழும் பெரியவரைத் தேடிப்பிடித்து, அவர் அருகில் சிறுவனை அமர்த்தினார்.

1962-இல் வந்த ‘பங்குபாபுவின் நண்பன்’ இதற்குச் சான்று. பங்குபாபு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியொன்றில் 22 ஆண்டுகளாகப் புவியியலும் வங்காளமும் கற்பித்து வருபவர். மாணாக்கர் அவரை எய்ப்பர். அதனை அவர் பொறுத்துக்கொள்வார். வக்கீல் ஒருவர் வீட்டில் மாலையில் கூடும் பெரியோர் கூட்டம் அவரை எள்ளுவதையும் பொறுத்துக்கொள்வார். ஒருநாள் இரவு மூங்கிற்காட்டு வழியே வீடு திரும்புகையில், வேற்றுக்கோளிலிருந்து வந்திறங்கிய ஆங் என்பவனைக் காண்கின்றார். வேற்றுக்கோளினன் பூமியை அழிக்க வருவான் என்பதே அந்நாளைய மேனாட்டுக் கதைகளிற் பெருவழக்கு. ராயின் ஆங் அழிக்கவும் வரவில்லை, ஆளவும் வரவில்லை. தன் வாழ்நாளில் ஊர் தாண்டிச் செல்ல வகையில்லாத புவியியல் ஆசிரியருக்குத் துருவத்துப் பனிவெளியைக் கருவியொன்றின் வழியே காட்டுகின்றான். எள்ளலை வாய்மூடிப் பொறுத்தல் நற்குணம் அன்று என்றும் கூறிச் செல்கின்றான். மறுநாட் கூட்டத்தில் பங்குபாபு வாய்திறக்கின்றார். கதை அங்கு முடிகின்றது.

இக்கதையில் மருட்கை எவ்வளவு சிறிய இடம் பெறுகின்றது என்பதைக் கருதுதல் வேண்டும். விண்கலத்தின் வண்ணனை சில வரிகளே. ஆங்கின் அறிவாற்றலும் போகிறபோக்கில் கூறப்படுகின்றது. மாலைக் கூட்டத்தின் எள்ளலோ விரிவாகப் பேசப்படுகின்றது. யார் என்ன சொன்னார், யார் நகைத்தார் என்பதெல்லாம் தப்பாமல் வருகின்றன. இக்கதையை அடிப்படையாகக் கொண்டு ராய் 1967-இல் ஆங்கிலத்தில் திரைக்கதை ஒன்று எழுதினார் என்பதும், அது படமாகாமற் போயிற்று என்பதும், 1982-இல் வந்த அமெரிக்கப் படமொன்று அதனை ஒத்திருக்கின்றது எனப் பலர் பேசினர் என்பதும் பலரும் அறிந்தவை. அவ்வழக்கு நமக்கு வேண்டா. விண்ணிலிருந்து வந்தவனை எவரும் படைக்கலாம். அம்மாலைக் கூட்டத்தைப் படைக்க வங்காளச் சிற்றூரை அறிந்தவரே வேண்டும்.

அடுத்து, ‘பட்டோல்பாபு திரை நடிகர்’ (1963). ராய் எழுதிய கதைகளுள் ஒன்றனை மட்டும் தேர்க எனின் யாம் இதனையே தேர்வோம். பட்டோல்பாபுவுக்கு அகவை 52; தலை வழுக்கை. இளமையில் நாடகமேடையில் நடித்தவர். வயிற்றுப்பாட்டுக்காகக் கல்கத்தா வந்து, போர்க்காலத்து ஆட்குறைப்பில் வேலை இழந்து, இன்று ஏதேதோ சிறு தொழில் செய்து காலந்தள்ளுபவர். படமொன்றில் நடிக்க அழைப்பு வருகின்றது. உரை யாது எனக் கேட்டால், தாளில் ஒரே ஓரெழுத்து எழுதித் தருகின்றனர்: ‘ஆ!’ கதைத்தலைவன் விரைந்து வரும்போது தெருவில் அவன்மேல் மோதிக்கொண்டு, ‘ஆ’ என்று கூவிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவே. இளிவரலின் எல்லை இது. சுற்றி நிற்போர் நகைக்கின்றனரோ என்று அவர் நெஞ்சு கூசுகின்றது.

இவ்விடத்தில் அவருக்கு நாடகம் கற்பித்த ஆசான் ககன் பாக்ராஷியின் சொற்கள் நினைவுக்கு வருகின்றன: எந்த வேடமும் சிறிதன்று; அதனினின்றும் கடைசிச் சொட்டுச் சாற்றையும் பிழிந்தெடுப்பவனே நடிகன் என்னும் கருத்துடைய அறிவுரை அது. பட்டோல்பாபு ஓர் ஒதுக்கமான சந்தில் நின்று அவ்வோரெழுத்தைப் பலவாறு சொல்லிப் பார்க்கின்றார். கிள்ளினால் எழும் ‘ஆ’ வேறு, வெயிலில் வந்தவன் குளிர்ந்த நீர் பருகி விடும் ‘ஆ’ வேறு, இகழ்ச்சி வேறு, துயரம் வேறு. ஓரெழுத்துள் உலகமே அடங்கியிருத்தலை அவர் கண்டு மகிழ்கின்றார். சொல்லின் பொருள் ஒலிக்கும் குறிப்பில் உள்ளது என்பதைப் பேரிலக்கணங்கள் விரித்துரைக்கும். பத்து அகவைப் பிள்ளைக்கு அதனை இத்துணை எளிதாக விளக்கிய ஆசிரியர் வேறு யாரையும் யாம் அறியோம். மொழிபெயர்ப்பில் இக்கதைக்கு நேரும் ஊறும் இங்கேதான். ஆங்கிலத்தில் ‘ஓ’ என மாற்றும்போது வாய் குவிகின்றது; வலியினும் வியப்பே மிகுகின்றது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. வங்காளத்து ‘ஆ’ தமிழிலும் ‘ஆ’வே.

காட்சி எடுக்கப்படுகின்றது. பட்டோல்பாபு தம் பங்கினை முழுமையாகச் செய்துவிட்டார். நெற்றியில் அடியும் பட்டது. அவருக்குரிய கூலியைக் கொடுக்க வருபவன் தேடும்போது அவர் அங்கில்லை. கலையில் தாம் பெற்ற நிறைவுக்கு அச்சில உருவாய் ஈடாகாது என்று எண்ணி நடந்துவிட்டார். வறியவர்; பணம் தேவைப்படுபவர்; ஆயினும் சென்றுவிட்டார். பெருமிதம் பிறக்கும் களன்களுள் கல்வியையும் கொடையையும் தொல்காப்பியர் வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. கூலியை வாங்காது விட்டவர் உண்மையில் கொடையாளராய் நடந்து செல்கின்றார். இக்கதையை எழுதியவர் அந்நாளில் தாமே நடிகர்க்குக் கூலி கொடுக்கும் இடத்தில் இருந்த இயக்குநர் என்பதனையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். கதையில் வரும் படக்குழுவினர் தீயவர் அல்லர், வேலை மும்முரத்தில் இருப்பவர், அவ்வளவே. தம் தொழிலைத் தெருவில் நிற்பவனின் கண்கொண்டு நோக்கும் இந்நேர்மை அரிது.

‘அசமஞ்சபாபுவின் நாய்’ என்னும் கதையில் சிரிக்கும் நாய் ஒன்று வருகின்றது. அமெரிக்கச் செல்வர் ஒருவர் அதனைப் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்க முன்வருகையில் நாய் சிரிக்கின்றது. பணத்தால் எதனையும் வாங்கலாம் என்று இவர் நினைப்பதைக் கண்டே சிரிக்கின்றது என்று அதன் உடையவர் விளக்குகின்றார். நகை, பெருமிதமாக மாறும் நொடி அது. இவ்வாறு எளியோரை உயர்த்தும் ராய், தம்மினும் எளியோரைப் புறக்கணித்தவரைத் தண்டியாமல் விடுவதும் இல்லை. ‘விபின் சௌதுரியின் நினைவுப்பிழை’யில், தாம் ஒருகாலும் சென்றறியாத ராஞ்சிக்குச் சென்றதாகப் பிறர் உறுதிபடக் கூறக்கேட்டு ஒருவர் மனங்கலங்குகின்றார். இடுக்கணில் உதவி வேண்டி வந்த பழைய நண்பனைக் கைவிட்டதற்கு அந்நண்பன் செய்த மறுவினையே அக்கலக்கம் என்பது முடிவில் விளங்குகின்றது. ‘வகுப்புத் தோழன்’ என்னும் கதை இன்னும் மென்மையானது. நைந்த தோற்றத்தோடு உதவி கேட்டு வந்தவனைத் தம் பள்ளித் தோழன் என்று ஏற்க மறுத்த செல்வர் முன், அவனுடைய மகன் வந்து நிற்கின்றான். அச்சிறுவன் முகம் முப்பது ஆண்டுக்கு முந்தைய தோழனின் முகம். தண்டனை அம்முகமே; வேறு சொல் இல்லை.

அச்சக்கதைகளைப் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. பேயின் இருப்பிடத்தை ஆராயப் புகுந்தவர் தாமே பேயாய் முடியும் ‘அநாதபாபுவின் அச்சம்’ (1962) செவ்விய கட்டமைப்புடையது. மகாபாரதத்துக் ககமர் என்னும் முனிவரின் சாபக் கதையை உட்கொண்டு, சாதுவின் பாம்பைக் கொன்றவன் பாம்பாய் மாறுவதைக் கூறும் ‘ககமன்’ (1973) உண்மையாகவே நடுக்கந்தருவது. சிறுவர்க்கு இத்துணை அச்சம் தகுமோ என்று கேட்பார்க்கு, பாட்டிமார் கூறும் கதைகளை நினைவூட்டுதல் போதும்.

விஞ்ஞானி ஷோங்குவின் நாட்குறிப்புகளில் தந்தையின் குருதி தெளிவாக ஓடுகின்றது. சுகுமார் ராய் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’, பேராசிரியர்களின் ஆராய்ச்சிப் பயணங்களை எள்ளி நகையாடுவது. கானன் டாயிலின் சாலஞ்சர் என்னும் பேராசிரியரும் அதன்பின் நிற்கின்றார். 1961-இல் புத்துயிர் பெற்ற ‘சந்தேஷில்’ தோன்றிய முதல் ஷோங்குக் கதையான ‘விண்பயணியின் நாட்குறிப்பு’ அவ்வெள்ளலை அப்படியே ஏற்று நடக்கின்றது. கிரிதி என்னும் ஊரில் பூனை நியூட்டனோடும் வேலையாள் பிரகலாதனோடும் வாழும் திரிலோகேசுவர ஷோங்கு, நாய்க்குடையும் பாம்புச்சட்டையும் ஆமைமுட்டை ஓடும் கலந்து விண்கலத்துக்கு உலோகம் சமைக்கின்றார். பகைவர்க்குக் கொட்டாவி வருவிக்கும் மாத்திரைக்கு ‘ஜ்ரும்பணாஸ்திரம்’ எனப் பெயரிடுகின்றார். இதிகாசத்துப் படைக்கலத்தின் பெயர் மருந்துக்கு வந்தமையே நகை. நாட்குறிப்பின் தாள் எரியாது. மை நிறம் மாறும். இவ்வளவு வலிய ஏட்டை ஈற்றில் எறும்புகள் தின்று தீர்த்துவிடுகின்றன. ஏடு அழிந்தபின் அதில் கண்டது மெய்யோ பொய்யோ என வழக்காட வழியில்லை. எவ்வளவு எளிதான சூழ்ச்சி!

இந்நகை நிலைத்திருக்குமாயின் ஷோங்குவின் கதைகள் வங்க இலக்கியத்தில் தனியிடம் பெற்றிருக்கும். நிலைக்கவில்லை. முற்றுப்பெற்ற கதைகள் 38, முற்றாதவை இரண்டு என நீளும் அவ்வரிசையில், ஷோங்கு மெல்ல மெல்லப் பெருந்தன்மை மிக்க உலக அறிஞராய் மாறிவிடுகின்றார். எப்பிணியையும் தீர்க்கும் மாத்திரை, எதிரியை நொடியில் மறைக்கும் துப்பாக்கி என எல்லாம் அவரிடம் இருத்தலால் அவருக்கு இடர் என்பதே இல்லையாகின்றது. இடர் இல்லாத இடத்தில் கதை ஏது? ‘நகுர்பாபுவும் எல் டொராடோவும்’ (1980) இதற்கு விலக்கு. அங்கு ஷோங்குவைக் காப்பவர் அவர்தம் கருவிகள் அல்லர். வருவதும் மறைந்ததும் காணவல்ல ஓர் எளிய வங்காளி. மீண்டும் பங்குபாபுவின் இனத்தார் ஒருவர் உள்ளே வந்ததும் கதைக்கு உயிர் வந்துவிடுவதைக் காண்க.

ஃபெலுதாவை அறியாத வங்காளி இல்லை. பிரதோஷ் சந்திர மித்திரன் என்பது பெயர். ‘தா’ என்பது அண்ணனைக் குறிக்கும் ஈறு. கதை கூறுபவன் அவனைவிட இளையவனாகிய தபேஷ். அவனுக்கு ஃபெலு அண்ணன்முறை ஆதலின் படிக்கும் பிள்ளைகள் அனைவர்க்கும் அண்ணனாயினான். முதற்கதை 1965-இன் இறுதியில் டார்ஜிலிங்கைக் களனாகக் கொண்டு தோன்றிற்று. ஷெர்லக் ஹோம்சின் சாயல் வெளிப்படை. ராய் அதனை மறைத்தாரல்லர். லண்டன் செல்லும் ஃபெலுதா பேக்கர் தெருவில் நின்று தன் ஆசானுக்கு வணக்கம் செலுத்துகின்றான். ஹோம்சிடம் இல்லாத ஒன்று ஃபெலுதாவிடம் உண்டு. அது, கற்பிக்கும் விருப்பு. லக்னோவின் நவாபுகள், எல்லோராக் குகைகள், பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் ஆங்கிலேயர் என ஒவ்வொரு கதையிலும் ஓரிடத்தின் வரலாறு உள்ளோடுகின்றது. பாடம் போலத் தோன்றாமல் பாடம் சொல்லும் இவ்வித்தை ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்குப் பொறாமை விளைப்பது.

1971-இல் வந்த ‘சோனார் கேல்லா’ (பொற்கோட்டை) இவ்வரிசையின் முடி. முற்பிறப்பு நினைவுடைய சிறுவன் முகுல் கூறும் பொற்கோட்டையைத் தேடிக் கதை ஜெய்சால்மேர்ப் பாலைவனம் வரை செல்கின்றது. இக்கதையில்தான் ஜடாயு என்னும் புனைபெயருடைய லால்மோகன் கங்குலி அறிமுகமாகின்றார். மலிவான வீரசாகசக் கதைகளை எழுதிப் பணம் ஈட்டும் ஆசிரியர். ஒட்டகத்தைப் பற்றியும் பிழையாக எழுதியவர். ஃபெலுதா திருத்தச் சினவாது மகிழ்பவர். ராய் தம் தொழிலையே எள்ளுதற்கு அமைத்துக்கொண்ட மாந்தர் இவர் என்று யாம் கருதுகின்றோம். பிழையைத் திருத்தினால் மகிழும் எழுத்தாளரை வேறெங்குக் காண்பது? 1974-இல் இக்கதையைப் படமாக்கியபோது ராய், குற்றவாளி யார் என்பதை முன்னரே காட்டிவிட்டார். நூலில் ஈறு வரை மறைத்த ஒன்றைத் திரையில் மறைக்காதது ஏன்? படிப்பவன் பக்கத்தைத் திருப்பி ஐயுறலாம்; காண்பவனோ முன்னோக்கியே செல்ல வேண்டியவன். ஆதலின் அவனுக்கு ஐயத்தைவிட அச்சமே ஏற்றது என இவர் கண்டார் போலும். ராயின் கதைகள் திரைப்படத்தின் நிழல்கள் என்பாரை மறுக்க இவ்வொரு வேறுபாடே போதும். தாம் ஆள்வன இரண்டு கலைகள் என்பதை அவர் ஒருபோதும் மறந்திலர்.

35 முழுக்கதைகளுள் பிற்பட்டவை முற்பட்டவற்றுக்கு இணையாகா. ‘நயன் மர்மம்’ (1990) சென்னையையும் மாமல்லபுரத்தையும் களனாகக் கொண்டது. ஆதலின் அதனை ஆவலோடு எடுத்தோம். எண்களைக் கண்முன் காணும் சிறுவன் என்னும் கரு புதிது. ஆனால் ஜெய்சால்மேரின் மணலும் காசியின் படித்துறையும் கதைக்குள் புகுந்து நின்றாற்போல நம் கடற்கரை புகவில்லை. கற்கோயில்கள் பயணிகள் கண்டுசெல்லும் அளவிலேயே நிற்கின்றன. ஃபெலுதாவின் கதைகள் முன்போல் இல்லை என்று வாசகர் மடல்கள் வருவதாக அக்கதையின் தொடக்கத்திலேயே ராய் எழுதியிருப்பது நோக்கத்தக்கது. தம் எழுத்தின் தளர்ச்சியைத் தம் மாந்தர் வாயிலாகவே கூறவல்லவர் எத்துணையர்?

சிறுவர்க்கு எழுதும் துப்பறியும் கதையில் காமமும் அதுபற்றிய குற்றமும் வரலாகாது என்பது ராய் தமக்கு இட்டுக்கொண்ட வரம்பு. அவ்வரம்பு குற்றங்களின் வகையைச் சுருக்கிற்று; பழம்பொருள் திருட்டு, மரபுச் செல்வம், ஆள்மாறாட்டம் என்பனவே திரும்பத் திரும்ப வருகின்றன. அதனைக் குறையென யாம் கொள்ளவில்லை. யாப்புக்குள் பாடுவது போன்றது அது. குறை வேறிடத்தில் உள்ளது. ஃபெலுதாவின் உலகில் பெண்கள் இல்லை. ஷோங்குவின் வீட்டிலும் இல்லை. சிறுகதைகளிலும் அரியர். காமம் விலக்கியதால் பெண்ணும் விலகினாள் எனச் சிலர் அமைதி கூறுவர். அவ்வமைதி ஏற்கத்தக்கதன்று. தாயும் தமக்கையும் பாட்டியும் காமத்துக்கு உரியரோ? ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்க்கையையும் முதியவள் இந்திரையும் மறக்கவொண்ணாதபடி காட்டியவர் இவரே. பட்டோல்பாபுவை எழுதிய அதே 1963-இல், குடும்பத்தைத் தாங்க வேலைக்குச் செல்லும் பெண்ணைத் தலைவியாக்கிய ‘மகாநகர்’ படத்தை எடுத்தவர் இவரே. அடுத்த ஆண்டில் ‘சாருலதா’ வந்தது. திரையில் பெண்ணின் உள்ளத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கண்டவர், சிறுவர் ஏட்டின் கதவருகே அவளை ஏன் நிறுத்திவிட்டார்?

‘சந்தேஷ்’ இதழே இதற்கு இடந்தராதது என்றும் கூற இயலாது. ராயோடு அதனை நடத்திய ஆசிரியர் இருவரும் பெண்கள், இருவரும் அக்குடியினர். ஒருவர் அத்தை முறையாகிய லீலா மஜும்தார். அவருடைய ‘பதிப்பிசியின் பர்மியப் பெட்டி’யில் வரும் மூதாட்டியைக் கண்டு கள்வரும் அஞ்சுவர். மற்றொருவர் தமக்கை முறையாகிய நளினி தாஸ். பள்ளிச் சிறுமியர் நால்வர் கூடித் துப்பறியும் ‘கண்டாலு’ கதைகளை அவ்விதழிலேயே அவர் எழுதினார். ஒரே இதழின் ஒரு பக்கத்தில் சிறுமியர் துப்பறிய, மறுபக்கத்தில் ஃபெலுதாவின் பயணத்தில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. ஃபெலுதாவைப் படித்த சிறுமியர் தபேஷாகத் தம்மைப் பாவித்துக்கொண்டே படித்திருத்தல் வேண்டும். கண்டாலுவின் புகழ் வங்காளத்தைத் தாண்டிப் பரவாமையும், ஃபெலுதா தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வழங்குவதும் வாசகர் விருப்பின் விளைவு மட்டுமே எனத் துணிந்து கூறுதல் அரிது.

ராய் தம் இளமையை நினைந்து எழுதிய ‘நான் சிறுவனாயிருந்தபோது’ என்னும் நூல் 1982-இல் வெளிவந்தது. அதுவும் முதலில் ‘சந்தேஷில்’ சிறுவர்க்கென வந்ததே. அச்சுக்கூடத்தின் மை மணமும் பவானிப்பூர் மாமன் வீடும் அந்நூலில் வருகின்றன. கணவரை இழந்து, வீட்டையும் இழந்து, உடன்பிறந்தார் வீட்டில் தங்கி, கைம்பெண்களுக்குத் தையற்கலை கற்பிக்கும் வேலைக்குச் சென்று மகனை வளர்த்த சுப்ரபா அம்மையாரும் அந்நூலில் வருகின்றார். அவர்போல் ஒருவர் ரஜனி சேன் தெரு 21-ஆம் எண் வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு, வழக்கொன்றோடு ஃபெலுதாவிடம் வந்திருப்பின் எத்தகைய கதை கிடைத்திருக்கும் என்று அந்நூலைப் படிக்குந்தோறும் எண்ணுகின்றோம்.